பெட்டியில் கட்டிப் போவதா, போன இடத்தில் எடுப்பதா? டான்யூப் கரையும் தைவான் சுற்றும்

வெளிநாட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் சைக்கிளில் சுற்றிவர நினைப்பவர்கள் முதலில் வரைபடத்தைத்தான் விரிப்பார்கள். எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எங்கே மலை என்று பேச்சு ஓடும். சைக்கிள் எப்படி வந்து சேரும் என்ற கேள்வி விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் எழும். இந்த வரிசையை மாற்றிப் போட்டாலே பாதிச் சிக்கல் குறையும். பயணம் தொடங்கிய ஊரிலேயே முடிகிறதா, வேறு ஊரில் முடிகிறதா என்று முதலில் பாருங்கள். சொந்த சைக்கிளா, வாடகையா, அங்கேயே வாங்குவதா என்பதற்கான விடை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

இதற்கு இரண்டு பாதைகளை எடுத்துக்கொள்வோம். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இரண்டுமே நல்லவை, ஆனால் குணம் நேர் எதிர்.

ஒன்று, டான்யூப் ஆற்றோரப் பாதை. ஜெர்மனியின் பாஸாவில் தொடங்கி ஆஸ்திரியா வழியாக வியன்னா வரை சுமார் 320 கி.மீ. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு இது. ஆற்றின் போக்கிலேயே கிழக்கே இறங்குவதால் ஏற்றம் என்று சொல்ல ஏதுமில்லை. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து முதுகைத் தள்ளும். நாளுக்கு 50 கி.மீ. என்று போனால் ஆறேழு நாள். வியன்னாவோடு நிறுத்தாமல் பிராட்டிஸ்லாவா வழியாக புடாபெஸ்ட் வரை போனால் இன்னும் 300 சொச்சம்.

மற்றொன்று, தைவான் தீவை முழுக்கச் சுற்றும் பாதை. 2015 டிசம்பரில் திறந்த சைக்கிள் வழித்தடம் எண் 1, மொத்தம் 968 கி.மீ. தைபேயின் சோங்ஷான் ரயில் நிலையத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். ஜயன்ட் சைக்கிள் கம்பெனியின் நிறுவனர் கிங் லியு 2007இல், 73 வயதில், 15 நாளில் தீவைச் சுற்றிவந்தார். நல்ல பழக்கம் உள்ளவர்கள் 10 நாளில் முடிக்கிறார்கள். விடுப்பு கிடைக்குமானால் 12 நாள் வைத்துக்கொள்வதே மேல்.

முன்னது ஒருவழிப் பயணம், பின்னது வட்டம்.

பெட்டிதான் தீர்மானிக்கும்

சொந்த சைக்கிளை விமானத்தில் ஏற்ற ஓர் அட்டைப்பெட்டி வேண்டும். சுமார் 140 செ.மீ. நீளம், 80 உயரம், 20 அகலம். வட்டப் பயணம் என்றால் முதல் இரவு தங்கும் விடுதியிலேயே கடைசி இரவுக்கும் அறை எடுத்து, பெட்டியை அங்கேயே விட்டுப் போகலாம். அறை பதிவு செய்யும்போதே, பெட்டியை மடித்துக் கட்டினால் வைத்துக்கொள்வீர்களா என்று எழுதிக் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். வரவேற்பு மேசையில் ஆள் மாறினாலும் அந்தப் பதில் கைகொடுக்கும்.

பாஸாவில் தொடங்கி வியன்னாவில் முடிப்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஒன்று, பெட்டியை எடுக்க பாஸாவுக்கே திரும்ப வேண்டும். ஆஸ்திரிய ரெயில்ஜெட் ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், இடங்களோ சில மட்டும். கோடையில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். இல்லையென்றால் பெட்டியை பாஸாவிலேயே குப்பைக்குப் போட்டுவிட்டு வியன்னாவில் வேறு தேட வேண்டும். புது சைக்கிள் வந்த காலிப் பெட்டியைக் கடைக்காரர்கள் கேட்டால் கொடுப்பார்கள், பல இடங்களில் இலவசமாகவே. ஆனால் குப்பை எடுக்கும் நாளுக்கு முன் கேட்டிருக்க வேண்டும். நான்கு நாள் முன்பே மின்னஞ்சல் அனுப்பி ஒன்றை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். கிடைத்த பெட்டியை விடுதிக்கு எப்படித் தூக்கிவருவது என்பது அடுத்த கேள்வி. சைக்கிளில் 140 செ.மீ. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட்ட முடியாது. அதனால் விடுதிக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள கடையாகப் பாருங்கள்.

சொந்த சைக்கிள்: கட்டும்போது எங்கே உடைகிறது

எடைக் கணக்கு முதலில். சுமையோடு நெடுந்தூரம் போகச் செய்த டூரிங் சைக்கிள் 14 கிலோ, பெட்டி 5 கிலோ, ஆக 19. ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று விதி வைத்திருக்கும் விமானத்தில் மிச்சம் 4 கிலோ. அதில் ஹெல்மெட், கருவிகள், டியூப், பூட்டு போகும். சைக்கிளின் பக்கவாட்டில் தொங்கவிடும் பேனியர் பைகள் இரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டினால் இரண்டாவது உருப்படி ஆகிவிடும். மொத்தம் 30 கிலோ என்று எடை முறையில் டிக்கெட் கொடுக்கும் விமானத்தில் எல்லாம் ஒன்றாகவே எண்ணப்படும். சாதாரணப் பெட்டிக்கு நீள, அகல, உயரம் மூன்றும் சேர்த்து 158 செ.மீ.தான் வரம்பு, சைக்கிள் பெட்டியோ 240 வரை வரும். ஆகவே விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே பதிவு செய்து, எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். இரண்டு விமானம் மாறிப் போகிறவர்கள் இரண்டாவது கம்பெனியின் விதியையும் பார்க்கவும். சிறிய விமானத்தின் சரக்குக் கதவில் பெட்டி நுழையாமல் போவதும் உண்டு.

கட்டும் முறை இதுதான். பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும், கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீள ஸ்பேனரை வைத்து அழுத்தி பெடல் பூட்டும் கிராங்க் கையின் மரையையே அறுத்தவர்கள் ஏராளம். சீட் உயரத்தை சீட் கம்பியில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்த பிறகு இறக்குங்கள். ஹேண்டில்பாரைக் கழற்றி, கேபிள் மடங்காமல் ஃபிரேமோடு ஒட்டிக் கட்டுங்கள். முன் சக்கரத்தை எடுத்ததும் அதைத் தாங்கும் ஃபோர்க் கவையின் நுனிகளுக்கு நடுவே தாங்கு கட்டையை மாட்டுங்கள். புது சைக்கிள்களோடு வரும் பிளாஸ்டிக் துண்டு அது, கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். அது இல்லாமல் மேலே ஒரு பெட்டி விழுந்தால் ஃபோர்க் நெருங்கிவிடும், சக்கரம் உள்ளே போகாது.

அதிகம் சேதமாவது பின்பக்கம்தான். கியர் மாற்றும் டீரெய்லர் தொங்கும் அலுமினியத் துண்டை, அதாவது ஹேங்கரை, வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்கிறார்கள். அடி பட்டால் ஃபிரேமுக்குப் பதில் அது வளைய வேண்டும் என்பதற்காக. விமானத்தில் அது வளையத்தான் செய்யும். 5 மி.மீ. ஆலன் கீயால் டீரெய்லரைக் கழற்றி, துணியில் சுற்றி, பின் முக்கோணத்துக்கு உள்ளே கட்டிவிடுங்கள். ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு, தைவானின் தைதோங்கில் ஒரு கடையில் போய் உங்கள் மாடலுக்குக் கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டம். கூடுதலாக ஒன்று கையில் இருக்கட்டும், 20 கிராம்கூட இருக்காது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் பேட்களுக்கு நடுவே ஒரு தகடோ மடித்த அட்டையோ செருகுங்கள். பெட்டிக்குள் பிரேக் பிடி எதிலாவது அழுந்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. டயர்க் காற்றைப் பாதியாகக் குறைத்தால் போதும். முழுக்க இறக்கினால் ரிம் தரையில் இடிபடும்.

கேஸ் சிலிண்டர் எந்த விமானத்திலும் ஏறாது, அடுப்பு எரிபொருளை அங்கே வாங்குங்கள். 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரிக்கும் பயணிகள் விமானத்தில் அனுமதி இல்லை. மின்சைக்கிள் பேட்டரி பொதுவாக 400, 500 என்று இருக்கும். ஆகவே மின்சைக்கிளில் போக விரும்புகிறவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. வாடகைதான்.

விலை உயர்ந்த சைக்கிளாக இருந்தால், புறப்படும்போது விமான நிலையச் சுங்கப் பிரிவில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதோ என்ற கேள்வி எழாது. இறங்கியதும் பெட்டியை அங்கேயே திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் விமானக் கம்பெனி மேசையில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். சர்வதேசப் பயணத்தில் பெட்டிச் சேதத்துக்குப் புகார் தர 7 நாள்தான் கெடு.

வாடகை: எதைக் கேட்டு எடுப்பது

டான்யூப் கரையில் பாஸாவில் எடுத்து வியன்னாவில் விடும் வாடகை ஏற்பாடு வழக்கமாகவே கிடைக்கிறது. தைவானில் ஜயன்ட் கடைகள் பல ஊர்களில் வாடகைக்குத் தருகின்றன, ஒரு கடையில் எடுத்து இன்னொன்றில் விடலாம். பேனியர் பை, பம்ப், பஞ்சர் சாமான் கூடவே வரும்.

ஆனால் வாடகை சைக்கிள் என்பது யாருக்கும் பொருந்துவதற்காகச் செய்தது, உங்களுக்கென்று செய்தது அல்ல. அதனால் பதிவு செய்யும்போது உயரத்தோடு கால் உள்ளளவையும் (கவட்டிலிருந்து தரை வரை) செ.மீ.யில் எழுதிக் கொடுங்கள். ஆஸ்திரியாவில் 155 செ.மீ.க்குக் குறைந்த உயரக்காரருக்குச் சரியான ஃபிரேம் கிடைப்பது சிரமம். தைவானில் 185க்கு மேற்பட்டவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா வாடகை சைக்கிள்களில் ஒரு விஷயம் நம்மவர்களைத் தடுமாற வைக்கும். பலவற்றில் பின் பிரேக் பெடலிலேயே இருக்கும், பின்னோக்கி மிதித்தால் நிற்கும். சிக்னலில் நின்று புறப்படும்போது பெடலைச் சும்மா பின்னால் சுழற்றி வசதியான இடத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் அங்கே பலிக்காது, சக்கரம் பூட்டிக்கொள்ளும். நிற்பதற்கு முன்பே ஒரு பெடல் மேலே இருக்கும்படி நிறுத்தப் பழக வேண்டும். பிடிக்காதவர்கள் இரண்டு கைப்பிரேக் உள்ள, டீரெய்லர் கியர் சைக்கிள் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அதிலும் ஐரோப்பாவில் இடது பிடி முன் பிரேக், நம் ஊரில் அது வலது பிடி. அவசரத்தில் பழைய பழக்கம்தான் கையை நகர்த்தும், முதல் நாள் காலியான இடத்தில் பத்துமுறை நிறுத்திப் பாருங்கள்.

உங்கள் சீட்டையும் பெடலையும் மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. வாடகை சைக்கிளின் மீதான பத்துக் குறைகளில் ஏழு அங்கேயே தீர்ந்துவிடும். சீட்டின் அடிக்கம்பி 7 மி.மீ. உருண்டையாக இருந்தால் எந்த சீட் கம்பியிலும் பொருந்தும். கார்பன் முட்டைவடிவக் கம்பி என்றால் பொருந்தாமல் போகலாம்.

கையெழுத்துப் போடும் முன் 20 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றி ரிம் ஆடுகிறதா பாருங்கள். போக்ஸ் கம்பிகளை விரலால் தட்டினால் சக்கரத்தின் ஒரே பக்கத்துக் கம்பிகளில் ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும். பின் சக்கரத்தில் சுமை ஏறுவதால் தளர்ந்த கம்பி இரண்டாம் நாள் உடையும். எல்லா கியரிலும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். டியூப் வால்வு எந்த வகை என்று பார்த்து, கூடுதல் டியூபையும் அதே வகையில் கேளுங்கள். நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் உள்ள அதே வால்வு ஜெர்மானிய நகரச் சைக்கிள்களிலும் உண்டு. கீறல்களைப் படம் எடுத்துவையுங்கள்.

வாங்குவது, மடிப்பது

அங்கேயே வாங்குவது கேட்க அழகாக இருக்கும். முதல் 100 கி.மீ.யில் புது கேபிள் தளரும், கியர் ஏறி இறங்க அடம்பிடிக்கும், மறுபடி சரிசெய்ய வேண்டும். கடைசி நாள் விற்றுவிடலாம் என்ற கணக்கு நடைமுறையில் பெரும்பாலும் தோற்கும், விமானம் ஏற வேண்டியவரிடம் யாரும் நல்ல விலை சொல்லமாட்டார்கள். எப்படியும் புது சைக்கிள் வாங்க நினைத்திருப்பவர், தைவானிலிருந்து பெட்டியோடு கொண்டுவரத் தயாராக இருப்பவர், இவருக்கு மட்டும் இது பொருந்தும். சுங்க வரம்பைத் தாண்டும் தொகைக்கு வரியையும் சேர்த்துக்கொள்ளவும்.

மடக்கு சைக்கிள் தனி வகை. பிராம்டன் போன்றது மடித்தால் 158 செ.மீ. வரம்புக்குள் ஏறத்தாழ அடங்கும், ரயிலில் சாதாரணப் பெட்டிக் கணக்குதான். டான்யூபுக்கு நல்ல தேர்வு. தைவான் கிழக்குக் கரையின் நாள் முழுக்க ஓட்டத்துக்கு 16 அங்குலச் சக்கரம் சலிப்பைத் தரும்.

பணக் கணக்கு

போகவர சைக்கிள் கட்டணம், பெட்டி, விமான நிலையத்துக்குப் பெரிய வண்டி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்றும், நாள் வாடகை 1,500 என்றும் வைத்துக்கொள்வோம். 13 நாளில் இரண்டும் சமம். உங்கள் விமானத்தின் உண்மையான தொகைகளைப் போட்டுப் பாருங்கள், கணக்கு இதே வடிவத்தில்தான் வரும். ஏழு நாள் டான்யூபுக்கு வாடகை தெளிவாக ஜெயிக்கும், வியன்னாவில் பெட்டி தேடும் அலைச்சலும் இல்லை. புடாபெஸ்ட்டையும் தாண்டி மூன்று நான்கு வாரம் போகிறவருக்குச் சொந்த சைக்கிள். தைவானின் 12 நாள் நடுவில் விழுகிறது, அங்கே பணத்தைவிட உடம்புக்குப் பழகிய சைக்கிளா என்பதே பெரிது. நாளுக்கு 80, 90 கி.மீ. என்று தொடர்ந்து ஓட்டும்போது ஒரு செ.மீ. சீட் உயரம் மாறினாலும் முட்டி சொல்லிவிடும். பெட்டியை வைக்க தைபேயில் இடமும் இருப்பதால், சொந்த சைக்கிள் பக்கமே தராசு சாய்கிறது.

பாதையும் காலமும்

டான்யூபுக்கு மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் வியன்னாவில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும், காலதாமதமாகப் புறப்பட்டாலும் பாதகமில்லை. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை போன்ற சில மட்டும் விலக்கு. சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டியும் பழமும் வாங்கிவைக்காதவர் மறுநாள் உணவகங்களையே நம்ப வேண்டியிருக்கும். மெல்க் தாண்டி கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பள்ளத்தாக்கில், சீசனில் ஒரே இரவுக்கு அறை தரத் தயங்குவார்கள், அந்த இரவை மட்டும் முதலிலேயே பதிவு செய்யுங்கள். ஷ்லோகன் வளைவில் வடகரையில் போகிறவர்கள் சைக்கிள் படகு ஏற வேண்டும், அது பகலில் மட்டும் ஓடும்.

தைவானில் ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளி. அக்டோபர், நவம்பர் நல்லது, ஆனால் நவம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், காலை ஆறுக்கே கிளம்ப வேண்டும். தீவை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். அங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடுவதால் கடல் உங்கள் பக்கமே வரும். இதன் விலை, கிழக்குக் கரையில் வடக்கே ஏறும்போது வடகிழக்குப் பருவக்காற்று முகத்தில் அறைவது. தைதோங்கிலிருந்து ஹுவாலியென் வரை கடற்கரைச் சாலை எண் 11ஐ விட்டு உள்நாட்டுப் பள்ளத்தாக்குச் சாலை எண் 9ஐப் பிடித்தால் கொஞ்சம் காற்று தணியும்.

தெற்கில் ஷோகா கணவாய் ஏறத்தாழ 450 மீட்டர் உயரம். 2019 டிசம்பரில் சாவ்பு சுரங்கச் சாலை திறந்த பிறகு லாரிகள் அதில் போய்விடுவதால் பழைய மலைச்சாலை சைக்கிளுக்கு அமைதியாகிவிட்டது. 15 கிலோ சுமையோடு ஏற முன் சிறிய பல்சக்கரமும் பின் பெரிய பல்சக்கரமும் பல் எண்ணிக்கையில் சமமாகவாவது இருக்க வேண்டும், 34க்கு 34 போல. ஹுவாலியெனுக்கும் சூஆவுக்கும் நடுவே உள்ள சுஹுவா மலைச்சாலையை ஓட்டாதீர்கள். குறுகிய சுரங்கங்களில் லாரிகள் ஒட்டிப் போகும் இடம் அது. அந்தத் துண்டுக்கு ரயில் இருக்கிறது. சைக்கிள் ஏற்றும் ரயில் எது என்று முந்தின நாளே நிலையத்தில் கேளுங்கள், அல்லது சக்கரம் கழற்றிப் பையில் போட்டு ஏறுங்கள்.

சாப்பாட்டில் தைவான் சைவர்களுக்குச் சொர்க்கம். ஸ்வஸ்திகம் போட்ட பலகை தெரிந்தால் பௌத்த சைவ உணவகம், பொதுவாக வெங்காயம், பூண்டும் இருக்காது. இரவு பகல் திறந்திருக்கும் சிறுகடைகள் வேறு.

விசா

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா மனுவில் ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டியிருக்கும், ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்யுங்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் மனு. பாஸாவில் ஓரிரவு, மற்றதெல்லாம் ஆஸ்திரியாவில் என்றால் ஆஸ்திரியாவிடம் போங்கள். கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே மனு செய்யலாம்.

தைவானுக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சென்னையில் உள்ள தைபே பொருளாதார, கலாச்சார மையத்தில் விசா கேட்கலாம். ஷெங்கன், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளின் விசா செல்லுபடியாக இருந்தாலும், முடிந்து பத்து ஆண்டுக்குள் இருந்தாலும், இணையத்திலேயே அனுமதிச் சான்று பெற வழி உண்டு. விதி மாறக்கூடியது, டிக்கெட்டுக்கு முன் பாருங்கள். அந்தச் சான்றில் ஒரு முறைக்குத் தங்க 14 நாள்தான். 12 நாள் சுற்றுக்கு வந்து இறங்கும் நாளும் போகும் நாளும் சேர்த்தால் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும், சூறாவளியால் தாமதமானால் சமாளிக்க இடம் குறைவு. அத்தகையவர்கள் விசாவே எடுங்கள். இரண்டு பாதையும் போகும் ஆசை உள்ளவர்கள் டான்யூபை முதலில் வைத்தால், அந்த ஷெங்கன் விசாவே பிறகு தைவானுக்கு வழிவிடும்.